ஈஸ்ட் பாலஸ்தீன்: சீறி நின்ற ரிலீஃப் வால்வு ஏன் நின்றது?

2023 பிப்ரவரி 4 பிற்பகல். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பென்சில்வேனியா எல்லையை ஒட்டிய ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில், முந்தைய இரவு தடம்புரண்ட சரக்கு ரயில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கவிழ்ந்து கிடந்த டேங்க் வேகன்களில் ஒன்றின் ரிலீஃப் வால்வு (உள்ளழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றும் வால்வு) திறந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பெருஞ்சத்தத்தோடு வாயுவைக் கக்கியது. அப்புறம் நின்றுவிட்டது.

ஏன் நின்றது? இந்தக் கேள்விக்கு ரயில்வே நிறுவனம் அழைத்து வந்த ஒப்பந்தக்காரர்கள் ஒரு விடை சொன்னார்கள். பிப்ரவரி 6 மாலை ஐந்து வேகன்களை வெடிவைத்துத் துளைத்து, உள்ளே இருந்த வினைல் குளோரைடை குழியில் ஓடவிட்டு எரித்ததற்கு அந்த விடை பெரிய காரணம். ஊரின் மேல் எழுந்த கரும்புகையை உலகமே பார்த்தது. அது தேவையற்ற எரிப்பு என்று 2024 ஜூனில் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது.

இந்த விபத்தைப் பற்றிச் சக்கர பேரிங், ரயில்வே நிர்வாகம், ஊர் மக்களின் உடல்நலம் என்று பல பக்கங்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது வால்வின் பக்கத்தை. ரிலீஃப் வால்வைச் சோதித்து, செட் செய்து, முத்திரை போட்டு அனுப்புகிற வேலையில் இருக்கும் யாருக்கும் இது நேராகச் சம்பந்தப்பட்ட நிகழ்வு. நாம் டெஸ்ட் பெஞ்சில், அதாவது வால்வைப் பொருத்தி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் மேடையில், எழுதிக்கொடுக்கும் எண்ணுக்கு விபத்துக் களத்தில் என்ன பொருள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு சம்பவம் எனக்குத் தெரியாது.

நடந்தது

இல்லினாயிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் ரயில் அது. மொத்தம் 149 வேகன்கள். பிளாஸ்டிக் குருணை ஏற்றிய ஒரு வேகனில் சக்கர பேரிங் சூடேறி வந்தது. தண்டவாளம் ஓரத்திலிருந்த வெப்ப உணரிகள் அதைப் பதிவும் செய்தன: செப்ரிங்கில் சுற்றுவெப்பத்தைவிட 38 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம், சேலத்தில் 103 (ஒஹையோவிலும் ஒரு சேலம் இருக்கிறது), ஈஸ்ட் பாலஸ்தீனில் 253. கடைசி எண்தான் நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கையை எழுப்பியது. ஓட்டுநர் பிரேக் பிடித்தார், ஆனால் பிப்ரவரி 3 இரவு 9 மணிக்குச் சற்று முன்பு 38 வேகன்கள் தடம்புரண்டுவிட்டன.

அவற்றில் 11 வேகன்களில் அபாயகரமான சரக்கு. பழைய 111 வகை டேங்க் வேகன்கள் மோதலிலேயே உடைந்து, எரியும் திரவம் கொட்டித் தீப்பிடித்தது. ஐந்து வேகன்களில் வினைல் குளோரைடு, ஏறக்குறைய 1,15,000 கேலன். பிவிசி குழாய் செய்யும் மூலப்பொருள் இதுதான். இவை 105 வகை அழுத்த வேகன்கள், தடித்த எஃகு, மேலே வெப்பக் காப்பு, அதன்மேல் ஜாக்கெட். கவிழ்ந்தபோது இந்த ஐந்தும் உடையவில்லை. பக்கத்தில் எரிந்த தீதான் இவற்றைச் சுட்டது.

அந்த வால்வு எப்படிப்பட்டது

அழுத்த டேங்க் வேகனின் உச்சியில் ஒரு மூடிய கூடு இருக்கும். திரவம் ஏற்றி இறக்கும் வால்வுகள், அளவுகோல், வெப்பமானி வைக்கும் குழல், நடுவில் அல்லது ஓரத்தில் ரிலீஃப் வால்வு, எல்லாம் அதற்குள்தான். பரவலாகப் புழங்கும் வகையில் ஸ்பிரிங் டேங்குக்குள் தொங்கும். தண்டின் மேல் முனையில் தட்டையான மூடி, அதன் கீழே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கீழ் முனையில் ஸ்பிரிங்கை இறுக்கும் நட், அது நகராமலிருக்க இன்னொரு லாக் நட். உள்ளழுத்தம் ஸ்பிரிங்கின் பிடியை மீறினால் மூடி மேலெழும். அழுத்தம் தணிந்தால் தானே உட்காரும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம்.

எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் இருக்கிறது. 300 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தில் இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) சோதனை அழுத்தம் கொண்ட 105 வகை வேகனுக்கு, அதன் 75 சதவீதம், அதாவது 225 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். சற்று உயர்ந்த செட்டிங் உள்ள வால்வுகளும் உண்டு. 100 பிஎஸ்ஐக்கு மேல் செட் செய்யும் வால்வுக்கு 3 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதி. ஆக 225க்கு ஏறக்குறைய 218 முதல் 232 வரை எங்கே திறந்தாலும் தேர்ச்சி. மூடும்போது, திறக்கும் அழுத்தத்தின் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதற்குள் ஆவி கசியாமல் இறுகிவிட வேண்டும், இங்கே அது 180 பிஎஸ்ஐ.

இந்த இரண்டு எண்களையும், 225, 180, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் நடந்த வாதத்தை எடைபோட இவை போதும்.

டெஸ்ட் பெஞ்சில்

அமெரிக்காவில் இந்த வால்வுகளை அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வேகனிலிருந்து கழற்றி மறுதகுதிச் சோதனை செய்ய வேண்டும். பதிவு பெற்ற டேங்க் வேகன் பட்டறையில்தான் செய்யலாம். அமெரிக்க ரயில்ரோடுகள் சங்கத்தின் எம்-1002 தரநூல் செய்முறையைச் சொல்கிறது. சோதனை முடிந்ததும் எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, எத்தனை பிஎஸ்ஐ, அடுத்த தவணை எப்போது என்பதை வேகனின் பக்கவாட்டிலேயே வண்ணத்தில் எழுதிவிடுவார்கள். யாரும் நடந்து போய்ப் படிக்கலாம்.

பெஞ்சில் ஏற்றுவதற்கு முன் ஒரு சபலம் வரும். வால்வு அழுக்காக, பிசினும் துருவுமாக வந்திருக்கும். கழுவிவிட்டு டெஸ்ட் போடலாமே என்று கை போகும். அப்படிச் செய்யக்கூடாது. வந்த நிலையிலேயே முதலில் அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பத்தாண்டுகள் வேகனில் உட்கார்ந்திருந்த வால்வு உண்மையில் எந்த எண்ணில் திறந்திருக்கும் என்பதை அந்த ஒரே தடவைதான் அறிய முடியும். ஓ-ரிங் சீட்டில் (மூடி உட்காரும் விளிம்பில்) ஒட்டிக்கொண்டிருந்தால் முதல் திறப்பு 225க்குப் பதிலாக நன்றாக உயர்ந்து வரும். இரண்டாவது தடவை அதே வால்வு ஒழுங்காகத் திறக்கும், ஒட்டு விட்டுப்போயிருக்கும். முதல் எண்ணை எழுதிவைக்காதவருக்கு அந்த வால்வில் ஒரு குறையும் தெரியாது.

அடுத்தது பிரித்துப் பார்ப்பது. ஸ்பிரிங்கின் உயரம், சுருள்களில் அரிப்பு, தண்டு நேராக இருக்கிறதா, சீட்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஓ-ரிங்கைக் கட்டாயம் மாற்றுவார்கள். இங்கே சரக்குக்கு ஒத்துவரும் ரப்பர் எது என்பது முக்கியம். ஒரு சரக்கில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஓ-ரிங் இன்னொன்றில் ஊறிப் பருத்துவிடும்.

திரும்பச் சேர்த்து, மூடியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிவிட்டு, காற்றோ நைட்ரஜனோ மெதுவாக ஏற்றுகிறார்கள். 200, 210, 215. தண்ணீரில் முதலில் ஒன்றிரண்டு குமிழ். அது திறப்பு அல்ல, கசிவு. கண் அளவுமானியில் இருக்க வேண்டும், காது வால்வில் இருக்க வேண்டும். கசிவு சட்டென்று ஓட்டமாக மாறித் தண்ணீரை எற்றும் நொடியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் திறப்பு அழுத்தம். பிறகு அழுத்தத்தை இறக்கி, மீண்டும் தண்ணீர் ஊற்றி, கடைசிக் குமிழும் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. இதை ஒரே தடவையோடு விடுவதில்லை. அடுத்தடுத்த ஏற்றங்களில் எண் ஒத்து வர வேண்டும்.

எண் குறைவாக வந்தால் நட்டை இறுக்குகிறோம், கூடுதலாக வந்தால் தளர்த்துகிறோம். சொல்வதற்கு அவ்வளவுதான். ஆனால் எண்ணைச் சரிசெய்வது வேறு, கசிவை மறைப்பது வேறு. சீட் கெட்டு 190லேயே குமிழ் விடும் வால்வை, ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்கி வாயை மூடச் செய்யலாம். அன்றைக்குத் தேர்ச்சி பெறும். கெட்ட சீட் அப்படியே இருக்கும், திறப்பு அழுத்தம் எல்லையின் மேல் விளிம்புக்குப் போயிருக்கும், தீ வந்தால் அந்த வித்தியாசத்தைத் தாங்கப் போவது டேங்க். கசிவுக்கு மருந்து சீட்டிலும் ஓ-ரிங்கிலும் இருக்கிறது. நட்டில் கை வைப்பது அதற்கப்புறம்தான்.

இத்தனையும் ஒழுங்காக நடந்த வால்வு என்ன உத்தரவாதம் தருகிறது? அறை வெப்பத்தில், சுத்தமான வாயுவில், நிமிர்ந்து நிற்கும் நிலையில், இந்த எண்ணில் திறக்கும், இந்த எண்ணுக்குள் மூடும். அவ்வளவே. கவிழ்ந்த வேகனில் வால்வு திரவத்துக்குள் மூழ்கியிருக்கலாம். அப்போது ஆவிக்குப் பதிலாகத் திரவம் வெளியேறும், அழுத்தம் தணிவது வேறு மாதிரி இருக்கும். மூடி தீயில் சிவக்கலாம். ஓ-ரிங் கருகிப்போகலாம். பெஞ்ச் இதையெல்லாம் சோதிப்பதில்லை.

வால்வால் காப்பாற்ற முடியாதவை

ரிலீஃப் வால்வு ஒழுங்காக வேலை செய்தால் டேங்க் வெடிக்காது என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. அது தவறென்று 1970களிலேயே காட்டியாகிவிட்டது. 1970 ஜூன் 21 அன்று இல்லினாயின் கிரெசென்ட் சிட்டியில் புரொப்பேன் வேகன்கள் தடம்புரண்டபோது வால்வுகள் திறந்து தீப்பிழம்பாகச் சீறின. அந்தப் பிழம்பு பக்கத்து வேகனைச் சுட, அது வெடித்தது. ஊரின் நடுப்பகுதி அழிந்தும் ஒருவரும் சாகவில்லை. 1973 ஜூலை 5 அன்று அரிசோனாவின் கிங்மேனில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. எரிந்துகொண்டிருந்த ஒரே ஒரு புரொப்பேன் வேகன் வெடித்து 11 தீயணைப்பு வீரர்கள் உட்பட 12 பேர் இறந்தார்கள்.

காரணம் எளிது. திரவம் தொடும் எஃகை அந்தத் திரவமே குளிர்விக்கும். மேலே ஆவி மட்டும் இருக்கும் பகுதியைக் குளிர்விக்க ஒன்றுமில்லை. அங்கே எஃகு 600 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வலிமையில் பாதிக்கு மேல் போய்விடும். அப்போது வால்வு அழுத்தத்தை 225லேயே பிடித்து வைத்திருந்தாலும் தளர்ந்த எஃகுக்கு 225 அதிகம். வைட் சாண்ட்ஸ் பரிசோதனைத் தளத்தில் முழு அளவு புரொப்பேன் வேகன்களைத் தீயில் வைத்தே பார்த்தார்கள். காப்பில்லாத வேகன் ஏறக்குறைய 24 நிமிடத்தில் வெடித்தது. வெப்பக் காப்புப் பூசியது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தாங்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய விதி: குளத்தீயில் (கொட்டிய திரவம் தேங்கி எரியும் தீயில்) 100 நிமிடமும் பீய்ச்சும் தீயில் 30 நிமிடமும், ரிலீஃப் வால்வு வழியாகத் தவிர வேறு வழியில் சரக்கு வெளியேறாமல் டேங்க் நிற்க வேண்டும்.

ஈஸ்ட் பாலஸ்தீனின் வினைல் குளோரைடு வேகன்களில் அந்தக் காப்பு இருந்தது. தீயில் இருந்தும் அவை தாமாக வெடிக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வேகன்கள் எப்படியும் வெடித்திருக்கும் என்று இன்றும் பேசுகிறார்கள்.

நின்ற வால்வுக்கு இரண்டு விளக்கம்

வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்து சட்டென்று நின்றால், ஒன்று அடுப்பு தணிந்திருக்கிறது, அல்லது துவாரத்தில் பருப்பு அடைத்திருக்கிறது. சத்தம் நின்றதை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. சுடர் எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர்கள் இரண்டாவது விளக்கத்தை எடுத்தார்கள். வினைல் குளோரைடு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாலிமராக மாறும் இயல்புடையவை. அப்படி மாறும்போது வெப்பம் வெளிப்படும், அந்த வெப்பம் வினையை இன்னும் விரைவாக்கும். உருவாகும் திடப்பொருள் வால்வை அடைத்துவிட்டது, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, டேங்க் வெடித்து எஃகுத் துண்டுகள் பறக்கும் என்பது அவர்கள் அச்சம். அச்சம் கற்பனையானதல்ல. பாலிமர் ஆகும் சரக்குகளில் வால்வு அடைபடுவது உண்மையில் நடக்கக்கூடியது.

ஆனால் இந்த விளக்கத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது, வெப்பநிலை. வினை ஓடினால் டேங்க் தானாகச் சூடேறிக்கொண்டே போக வேண்டும். கவலைக்குரியதாகக் கருதப்பட்ட ஒரு வேகனில் எடுத்த அளவு 138 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போனது, பின்னர் படிப்படியாகக் குறைந்து 126க்கு வந்து நின்றது. அதாவது செல்சியஸில் 59லிருந்து 52க்கு.

இந்த எண்ணை வால்வின் எண்ணோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். 59 டிகிரியில் வினைல் குளோரைடின் ஆவி அழுத்தம் மானியில் 120 முதல் 130 பிஎஸ்ஐ அளவுதான் காட்டும். உள்ளே போட்ட நைட்ரஜன் கொஞ்சம் கூட்டலாம். வால்வு திறக்க 225 வேண்டும், அதற்குச் சரக்கு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேற வேண்டும். திறந்த வால்வுகூட 180க்கு வருவதற்குள் மூடிவிட வேண்டும். 130 பிஎஸ்ஐயில் ஒரு நல்ல வால்வு மூடித்தான் இருக்கும். தீ எரிந்தபோது சீறி, தீ தணிந்த பின் நின்றது என்பது, பெஞ்சில் நாம் எதிர்பார்க்கும் நடத்தை. அந்த வெப்பநிலையில் வால்வு திறந்தே இருந்திருந்தால்தான் கோளாறு என்று நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

சரக்கை அனுப்பிய ஆக்ஸிவினைல்ஸ் நிறுவனத்தின் ஆட்கள் பாலிமர் வினை நடக்கவில்லை என்றே கருதினார்கள். வேகன்களில் ஆக்ஸிஜன் புகாமல் சரக்கு நிலைப்படுத்தப்பட்டிருந்தது. அவர்கள் ஊரிலேயே இருந்தார்கள், ஆனால் முடிவு எடுத்த அறையில் இல்லை. களத் தலைமையை ஏற்றிருந்த உள்ளூர் தீயணைப்புத் தலைவருக்கு இந்த மாற்றுக் கருத்து போய்ச் சேரவில்லை. முடிவு சொல்ல அவருக்குக் கிடைத்தது 13 நிமிடம். மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிப்ரவரி 6 மாலை நாலரை மணியைத் தாண்டி வெடி வைக்கப்பட்டது.

வாரியத்தின் இறுதி அறிக்கை இந்தக் கட்டத்தில் கடுமையாகவே பேசுகிறது. வெடிவைத்துத் திறக்கும்வரை வினைல் குளோரைடு பாலிமர் ஆக முடியாத நிலையில்தான் இருந்தது, வெப்பநிலைப் போக்கு வினையைக் காட்டவில்லை, பின்னர் செய்த ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. மாற்றுக் கருத்தைத் தலைவருக்குச் சொல்லாமல் விட்டதால் முடிவின் நேர்மையே குலைந்தது. பாலிமர் வினையின் அறிகுறிகளைப் பற்றித் தொழில்துறைக் கையேடு ஒன்றில் இருந்த தவறான தகவலும் ஒப்பந்தக்காரர்களைத் திசைதிருப்பியிருக்கிறது.

உருகிய அலுமினியம்

இதோடு விட்டால் வால்வுகளுக்கு முழு நற்சான்று கொடுத்ததாகிவிடும். அதற்கு ஒரு தடை இருக்கிறது. ஐந்தில் மூன்று வேகன்களின் வால்வுக் கூட்டுக்கு அலுமினிய மூடிகள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், எரியும் திரவக் குளத்தின் வெப்பம் அதைத் தாண்டும். தீயில் சில மூடிகள் உருகின. உருகிய உலோகம் கீழே இருந்த ரிலீஃப் வால்வின் மேல் விழுந்து அதன் வேலையைக் கெடுத்திருக்கலாம் என்று விபத்து நடந்த சில வாரங்களிலேயே வாரியம் எச்சரித்தது. 2023 மார்ச்சில் அபாயகரச் சரக்குகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பும் அலுமினிய மூடிகள் பற்றிப் பாதுகாப்பு அறிவுரை வெளியிட்டது.

எனக்கு இது இந்த நிகழ்வின் மிக வருத்தமான நுணுக்கம். வால்வின் உடல் எஃகு, ஸ்பிரிங் கணக்குப் போட்டுத் தேர்ந்தது, திறப்பு அழுத்தம் 3 சதவீதத்துக்குள் சரிபார்த்தது. அதன் தலைக்குமேல் இரண்டு சாண் உயரத்தில், தீயில் ஒழுகக்கூடிய ஒரு மூடி. அந்த மூடி வால்வின் பாகமல்ல என்பதால் வால்வுச் சோதனையில் அது வராது. பட்டறையில் வால்வைத் திரும்பப் பொருத்தியபின் கூட்டை மூடும் ஆளுக்கு, அந்த மூடி எந்த உலோகம் என்று பார்க்க ஒரு காரணமும் இருந்திருக்காது. சோதனைத் தாளில் இன்னொரு வரி சேர்த்தால் போதும்: கூட்டின் மூடி எஃகா அலுமினியமா.

களத்துக்கும் ஒரு தாள் வேண்டும் என்பது என் கருத்து. அபாயகரச் சரக்கு வேகனோடு போகும் ஆவணத்தில் பொருளின் பெயர், எண், அவசரத் தொலைபேசி எல்லாம் இருக்கின்றன. அதில் இந்த வேகனின் வால்வு எத்தனை பிஎஸ்ஐயில் திறக்கும், இந்தச் சரக்கு அந்த அழுத்தத்தை எந்த வெப்பநிலையில் எட்டும், எதற்குக் கீழே வால்வு மூடியிருப்பது இயல்பு என்ற மூன்று எண்களும் இருக்கட்டும். முதல் எண் வேகனின் பக்கவாட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. எரிந்து கவிழ்ந்து கிடக்கும் வேகனில் அதைத் தேடிப் படிக்க யாரும் கிட்டே போக முடியாது. மற்ற இரண்டும் சரக்கின் ஆவி அழுத்த அட்டவணையிலிருந்து, வேகனை நிரப்பும் இடத்தில் இருப்பவர் எடுத்து எழுதிவிடக்கூடியவை.